கண் மூச்சுவிட இடம் கொடுத்த கதை

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களிடம் மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உறுத்தாதா?" அடுத்தது, "கண்ணுக்குப் பின்னாடி போயிட்டா என்ன பண்ணுவீங்க?" இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். போகாது. வெள்ளைவிழியின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வு அப்படியே மடிந்து திரும்பி இமையின் உட்புறத்தை மூடுகிறது. தைத்து மூடிய பை மாதிரி. லென்ஸ் நழுவினால் மேல் இமைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

முதல் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க நூறு வருடத்துக்குக் கிட்ட ஆனது. ஆனால் அந்த நூறு வருடத்தில் பெரும்பகுதிக்கு, கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: மேலே ஒரு மூடியைப் போட்டுவிட்டால் கண் எப்படி மூச்சுவிடும்?

மூச்சு என்றது வெறும் உவமை இல்லை. கருவிழிக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி போல மூடியிருக்கும் தெளிந்த படலம்தான் கார்னியா. நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர்தான். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கிற வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இதுவே பார்க்கிறது. உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸுக்கு மீதிப் பங்குதான். ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதால் கார்னியாவில் ரத்தக்குழாயே கிடையாது. ரத்தம் வராத இடத்துக்கு ஆக்சிஜன் எங்கிருந்து வரும்? காற்றிலிருந்துதான். காற்றில் இருக்கும் 21 சதவீத ஆக்சிஜன் கண்ணீரில் கரைந்து, நேராகக் கார்னியாவுக்குள் இறங்குகிறது. தூங்கும்போது இமையின் உட்புற ரத்தக்குழாய்கள் கொஞ்சம் தருகின்றன. அந்த அளவு, கண் திறந்திருக்கும்போது கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். தினமும் காலையில் எழும்போது நம் எல்லோருடைய கார்னியாவும் மூன்று நான்கு சதவீதம் வீங்கித்தான் இருக்கிறது. கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் ஆனதும் வடிந்துவிடும்.

இந்த விஷயத்தை ஓரமாக மனதில் வைத்துக்கொண்டு பழைய கதைக்குப் போகலாம்.

கான்டாக்ட் லென்ஸ் வரலாறு எழுதுகிற எல்லோரும் லியோனார்டோ டா வின்சியில்தான் ஆரம்பிப்பார்கள். 1508 வாக்கில் அவர் குறிப்பேட்டில், தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஒருவர் முகத்தை அமிழ்த்திப் பார்ப்பதுபோல ஒரு படம் இருக்கிறது. அதை வைத்து "கான்டாக்ட் லென்ஸைக் கண்டுபிடித்தவர்" என்று பட்டம் கட்டுவது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. அவருடைய கவலை, கண்ணுக்குள் ஒளி எப்படிப் போகிறது என்பது. பார்வைக் குறையைச் சரிசெய்வது அங்கே பேச்சிலேயே இல்லை. 1637இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த் தண்ணீர் நிரப்பிய குழாய் ஒன்றைக் கண்ணோடு ஒட்டிவைப்பதைப் பற்றி எழுதினார். இமைக்கவே முடியாத ஏற்பாடு அது.

உண்மையில் செய்தே பார்த்தவர் தாமஸ் யங். ஒளி அலைதான் என்று காட்டிய அதே ஆங்கிலேயர். 1801இல் அவர் வெளியிட்ட கட்டுரையைப் படித்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். செடிகொடிகளைப் பார்க்க வைத்திருந்த சின்ன மைக்ராஸ்கோப்பிலிருந்து லென்ஸைக் கழற்றுகிறார். அதை ஒரு சின்ன வளையத்தில் பொருத்தி, ஓரத்தை மெழுகால் அடைக்கிறார். லேசாகக் குளிர்ந்த தண்ணீரை முக்கால் அளவுக்கு விடுகிறார். அப்படியே தன் கண்ணில் அழுத்திக்கொள்கிறார், கார்னியா முழுக்கத் தண்ணீரில் படும்படி. எதற்கு? தூரத்தில் இருப்பதையும் பக்கத்தில் இருப்பதையும் மாறி மாறிப் பார்க்கும்போது கண்ணுக்குள் எது வளைகிறது என்று தெரிந்துகொள்ள. தண்ணீரும் கார்னியாவும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளைப்பவை. அதனால் தண்ணீருக்குள் போனதும் கார்னியாவின் வளைவுக்கு வேலையில்லாமல் போய்விடுகிறது. அந்த வேலையை முன்னால் இருக்கும் கண்ணாடியின் வளைவு எடுத்துக்கொள்கிறது. அப்படியும் அவரால் தூரத்தையும் கிட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க முடிந்தது. ஆக, வளைவது கார்னியா இல்லை, உள்ளே இருக்கும் லென்ஸ்தான் என்று முடிவுக்கு வந்தார். போகிற போக்கில், கான்டாக்ட் லென்ஸுக்குத் தேவையான ஒளியியல் முழுவதையும் தன் கண்ணிலேயே செய்துகாட்டிவிட்டார்.

அப்புறம் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். கார்னியா மேடுபள்ளமாக இருப்பவர்களுக்கு, கோள வடிவக் கண்ணாடி மூடிக்குள் ஏதாவது ஒரு தெளிந்த கூழை வைத்துக் கண்ணில் பொருத்தினால் என்ன என்று 1845இல் அச்சான ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் கேட்டார். கார்னியாவை அச்சு எடுத்து அதற்கேற்ப மூடி செய்யலாம் என்றும் சொன்னார். அவர் செய்து பார்க்கவில்லை. கண்ணை அச்சு எடுக்க வேண்டும் என்றால் கண் மரத்துப்போக வேண்டும். அதற்கு வழி பிறந்தது 1884இல், வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கேன் சொட்டைக் கண்ணில் விட்டு அது மரத்துப்போவதைக் கண்டபோது.

அதன்பின் மூன்று நான்கு வருடங்களுக்குள் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் மூன்றிலும் ஆளாளுக்குக் கண்ணாடியைக் கண்ணில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1887இல் வீஸ்பாடனில் செயற்கைக் கண் ஊதும் முல்லர் குடும்பத்தார், இமை போய்விட்ட ஒரு நோயாளிக்குக் கண் காய்ந்துபோகாமல் இருக்க மெல்லிய கண்ணாடி மூடி செய்து தந்தார்கள். அது காப்புதான், பவர் எதுவும் கிடையாது. பவர் வைத்துப் பார்வையைச் சரிசெய்ய முயன்ற முக்கியமான ஆள் சூரிச்சில் இருந்த கண் மருத்துவர் அடோல்ஃப் காஸ்டன் ஓய்கன் ஃபிக். 1888இல் அவர் எழுதிய கட்டுரையின் பெயரிலேயே 'கான்டாக்ட்' இருக்கிறது. "தொடு கண்ணாடி" என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஃபிக் முதலில் முயல்களின் கண்ணை அச்சு எடுத்துக் கண்ணாடி மூடி செய்து போட்டுப் பார்த்தார். பிறகு தன் கண்ணிலேயே போட்டுக்கொண்டார். அதன்பிறகுதான் நோயாளிகள். ஜெர்மனியின் யேனா நகரில், ஒளியியல் கருவிகள் செய்யும் ஸைஸ் நிறுவனத்தின் எர்ன்ஸ்ட் அபே அவருக்குக் கண்ணாடியைத் தேய்த்துக் கொடுத்தார். இன்றைய சாஃப்ட் லென்ஸை நினைத்துக்கொண்டு அதைக் கற்பனை செய்யக்கூடாது. வெள்ளைவிழியின் மேல் உட்காரும் பெரிய கண்ணாடிக் கிண்ணம் அது, விட்டம் 18 முதல் 21 மில்லிமீட்டர் வரை. கார்னியாவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் திராட்சைச் சர்க்கரைக் கரைசலை நிரப்பினார். பார்வை தெளிவாகத்தான் வந்தது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்குமேல் தாங்காது; கண் மங்கத் தொடங்கும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும்.

அதே காலத்தில் கீல் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் முல்லர் என்ற மருத்துவ மாணவர் இருந்தார். (வீஸ்பாடன் முல்லர் குடும்பம் வேறு, இவர் வேறு.) மைனஸ் 14 கிட்டப்பார்வை. தன் கண்ணுக்கே லென்ஸ் செய்து போட்டு, அதையே 1889இல் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். கொக்கேன் விட்டுக்கொண்டும் அரை மணி நேரத்துக்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. பட்டம் கிடைத்தது, ஆனால் கண் மருத்துவத்தை விட்டுவிட்டு எலும்பு மருத்துவத்துக்குப் போய்விட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் ஃபிக்கின் குடும்பத்தில் இருக்கிறது. அவருடைய சித்தப்பாவின் பெயரும் அடோல்ஃப் ஃபிக்தான். அடோல்ஃப் ஓய்கன் ஃபிக், உடலியங்கியல் அறிஞர். ஒரு பொருள் செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு எவ்வளவு வேகத்தில் பரவும் என்பதற்கு 1855இல் விதி எழுதியவர். இன்றும் பாடப்புத்தகங்களில் அது ஃபிக் விதிதான். ஒரு லென்ஸ் வழியாக ஆக்சிஜன் எவ்வளவு ஊடுருவும் என்று இன்று கணக்குப் போடுவதும் அதே விதியை வைத்துத்தான். அண்ணன் மகனின் லென்ஸ் ஏன் இரண்டு மணி நேரத்தில் கண்ணை மங்க வைத்தது என்பதற்கான பதில், சித்தப்பா முப்பது வருடத்துக்கு முன்பே எழுதிவைத்த சமன்பாட்டில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. கண்ணாடியின் எடை, உரசல், கரைசலின் உப்பு அளவு என்றுதான் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வந்தன.

அடுத்த ஐம்பது வருடங்களைச் சீக்கிரமாகக் கடந்துவிடலாம். கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது, பொருத்தம்தான் மெருகேறியது. புடாபெஸ்டில் யோசஃப் டல்லோஸ் 1920களின் இறுதியில் உயிருள்ள கண்ணிலிருந்தே நேர்த்தியாக அச்சு எடுக்கக் கற்றார். பிறகு லண்டனுக்குப் போய் அங்கேயே தொழில் செய்தார். லென்ஸுக்கு அடியில் கண்ணீர் ஓட வேண்டும் என்று அடித்துச் சொன்ன முதல் ஆட்களில் ஒருவர் அவர். காரணம் முழுசாகத் தெரியாமலே கை சரியான இடத்தில் பட்டுவிட்டது. 1930களின் நடுவில் பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயர்களில் தெளிந்த கெட்டி பிளாஸ்டிக் வந்தது. நியூயார்க்கில் வில்லியம் ஃபைன்புளூம் ஓரத்தைப் பிளாஸ்டிக்கிலும் நடுவைக் கண்ணாடியிலுமாக ஒரு கலப்பு லென்ஸ் செய்தார். 1930கள் முடிவதற்குள் முழு பிளாஸ்டிக் லென்ஸும் வந்துவிட்டது. எடை குறைந்தது, உடையாது. ஆனால் மூச்சு விஷயத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை. அந்தப் பிளாஸ்டிக்கும் கண்ணாடி மாதிரியே ஆக்சிஜனை உள்ளே விடாது.

முதல் திருப்பம் ஒரு விபத்தில் வந்ததாகச் சொல்வார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் கெவின் டூஹி என்ற கண்ணாடித் தொழிலாளி, 1940களின் பின்பாதியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் லென்ஸைக் கடைந்துகொண்டிருந்தபோது, வெள்ளைவிழியில் உட்காரும் ஓரப் பகுதி தனியாக உடைந்துவிட்டது. கையில் மிஞ்சியது நடுவட்டம் மட்டும். தூக்கிப் போடாமல் அதன் ஓரத்தை மழமழவென்று தேய்த்துத் தன் கண்ணில் வைத்தார். நின்றது. இமைத்தாலும் விழவில்லை. 1948இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1950இல் கிடைத்தது.

சின்ன வட்டம் எப்படி நிற்கிறது? இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அதே கதைதான். கண்ணீர்ப் படலம் லென்ஸைப் பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் லென்ஸ் லேசாக மேலும் கீழும் அசையும். அந்த அசைவில் அடியில் இருக்கும் பழைய கண்ணீர் கொஞ்சம் வெளியேறி, ஆக்சிஜன் கரைந்த புதுக் கண்ணீர் கொஞ்சம் உள்ளே வரும். லென்ஸின் பொருள் மூச்சுவிடவில்லை. இமைதான் துருத்தி மாதிரி காற்றடித்துக் கொடுத்தது. அதனால்தான் இந்தச் சின்ன ஹார்ட் லென்ஸைப் பகல் முழுக்கப் போட முடிந்தது. அப்படியும் போதவில்லை. மாலையில் கழற்றி மூக்குக்கண்ணாடி போட்டால் ரொம்ப நேரத்துக்கு எல்லாம் மங்கலாகவே தெரியும். கார்னியா வீங்கி அதன் வளைவே மாறியிருக்கும். அதோடு, உறுத்தும். விழும். ஹார்ட் லென்ஸ் போட்டிருந்த தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள், "யாரும் அசையாதீங்க" என்று கத்திவிட்டுத் தரையில் தவழ்ந்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும்.

1952இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

முதலாவது, அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்மெல்சரும் ஒசானிக்ஸும் செய்த ஒரு சோதனை. கண்ணோடு இறுக்கமாகப் பொருந்தும் நீச்சல் கண்ணாடி மாதிரி ஒன்றை ஆட்களுக்கு மாட்டினார்கள். உள்ளே காற்றுக்குப் பதில் ஈரமான நைட்ரஜன் வாயு. கண்ணை எதுவும் தொடவில்லை, உரசவில்லை, எடையும் இல்லை. ஆனாலும் ஃபிக்கின் கண்ணாடியைப் போட்டவர்களுக்குத் தெரிந்த அதே மங்கலும் வளையமும் தெரிந்தன. ஆக்சிஜன் இல்லை, அதனால் மங்கல். கார்னியாவுக்குக் காற்று வேண்டும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. ஆக்சிஜன் குறைந்தால் செல்கள் லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துவிடுகின்றன. அது தண்ணீரை உள்ளே இழுக்கிறது. அடுக்கடுக்காக ஒழுங்காக இருந்த இழைகள் விலகி ஒளியைச் சிதறடிக்கின்றன. நாளாக ஆக, பட்டினி தாங்காமல் ஓரத்திலிருந்து ரத்தக்குழாய்கள் கார்னியாவுக்குள்ளேயே வளர ஆரம்பிக்கும்.

இரண்டாவது, செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு ரயில் பயணம். ஓட்டோ விக்டர்லெ என்ற வேதியியலாளர், பக்கத்தில் இருந்தவரோடு பேச்சுக் கொடுக்கிறார். அவர் கையில் இருந்த மருத்துவ இதழில், எடுத்துவிட்ட கண்ணுக்குப் பதிலாக உலோகத்தை வைத்துப் பொருத்துவதைப் பற்றி ஒரு கட்டுரை. விக்டர்லெ பாலிமர் ஆள். உடம்புக்குள் வைக்க உலோகம் எதற்கு, தண்ணீரை இழுத்துவைத்துக்கொள்ளும் மென்மையான பிளாஸ்டிக் இருந்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளுமே என்கிறார். ப்ராக் திரும்பியதும், உடன் வேலை பார்த்த ட்ராஹோஸ்லாவ் லிம்மோடு சேர்ந்து அந்தப் பொருளைச் செய்தும் காட்டுகிறார். ஹெமா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வேதிப்பொருளிலிருந்து வந்த ஜெல் அது. தன் எடையில் 40 சதவீதம் அளவுக்குத் தண்ணீரை வைத்துக்கொள்ளும், தெளிவாக இருக்கும், விரலால் வளைக்கலாம். 1960இல் இருவரும் 'நேச்சர்' இதழில் அதைப் பற்றி எழுதினார்கள்.

பொருள் கிடைத்துவிட்டது, லென்ஸாக ஆக்குவதுதான் பெரும்பாடு. அச்சில் ஊற்றி மூடி வார்த்தால், திறக்கும்போது ஓரம் கிழிந்துவிடும். கிழிந்த ஓரம் கண்ணை அறுக்கும். இதற்கிடையே 1958இல் அரசியல் களையெடுப்பில் அவர் பேராசிரியர் வேலை போனது. பிறகு வேறோர் ஆய்வுக்கழகத்துக்குத் தலைவரானார். ஆனால் லென்ஸ் வேலைக்கு மேலிடத்து ஆதரவு இல்லை. அதனால் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

1961 கிறிஸ்துமஸ். வீட்டில் பிள்ளைகளின் 'மெர்க்கூர்' விளையாட்டுப் பெட்டி இருந்தது: துளை போட்ட தகரப் பட்டைகள், திருகாணிகள், பல்சக்கரங்கள் வைத்துக் கிரேன், வண்டி எல்லாம் கட்டும் சாமான். அதை வைத்து அவர் சாப்பாட்டு மேசையில் ஒரு இயந்திரம் கட்டினார். சைக்கிள் விளக்குக்கான டைனமோதான் மோட்டார். அழைப்புமணியின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம். குட்டிக் குட்டி அச்சுக்குழிகள் சுழலும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு திரவம். டிசம்பர் 24 மதியம் நான்கு லென்ஸ்கள் கிடைத்தன. ஓரம் கிழியவில்லை.

யோசனை எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை வேகமாகக் கலக்கினால் நடுவில் குழி விழும். சுற்றும் வேகத்தைக் கூட்டினால் குழி ஆழமாகும். லென்ஸின் வெளிப்பக்கம் அச்சின் வடிவத்தைப் பெறுகிறது, உட்பக்கத்தின் வளைவைச் சுற்றும் வேகம் தீர்மானிக்கிறது. வேகத்தை மாற்றினால் பவர் மாறும். மூடி வேண்டாம், கடைசல் வேண்டாம். டைனமோவுக்கு வலு போதாமல், அப்புறம் கிராமபோன் மோட்டாரை எடுத்துப் போட்டார். மனைவி லிண்டா மருத்துவம் படித்தவர். இருவருமாகச் சேர்ந்து அடுத்த சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் லென்ஸ் வார்த்தார்கள்.

காப்புரிமையை செக்கோஸ்லோவாக்கிய அறிவியல் கழகம் 1965இல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது. அங்கிருந்து அது பாஷ் அண்ட் லாம்ப் என்ற அமெரிக்கக் கண்ணாடி நிறுவனத்துக்குப் போனது. கண்ணில் போடும் இந்த ஈரமான பிளாஸ்டிக்கை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு மருந்தைப் போலவே சோதிக்கச் சொன்னது. அனுமதி கிடைத்தது 1971இல்தான். அதிலிருந்து சாஃப்ட் லென்ஸ் உலகம் முழுக்கப் பரவியது. விக்டர்லெ அதனால் பெரிய பணக்காரர் ஆகவில்லை. 1968இல் சீர்திருத்தக்காரர்களோடு சேர்ந்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டதால் தலைவர் பதவியும் போனது. ஆட்சி மாறியபின் 1990இல் அதே அறிவியல் கழகத்துக்குத் தலைவராக வந்து அமர்ந்தார். ஒரு குறுங்கோளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சாஃப்ட் லென்ஸ் உறுத்தல் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது. மூச்சுப் பிரச்சினையைப் பாதிதான் தீர்த்தது. ஜெல்லுக்குள் ஆக்சிஜன் போவது அதில் இருக்கும் தண்ணீரில் கரைந்துதான். தண்ணீர் அதிகமானால் ஆக்சிஜனும் அதிகம். அதனால் 1970களில் தண்ணீரை 60, 70 சதவீதம் வரை ஏற்றினார்கள், லென்ஸை மெல்லிசாக்கினார்கள். இதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு என்பதை எண்களிலேயே காட்டலாம். ஊடுருவும் தன்மையை அளக்க 'டி-கே' என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சித்தப்பா ஃபிக்கின் விதியில் இருந்து வந்ததுதான் அது. ஹெமா ஜெல்லுக்கு அது 8, 9. சுத்தமான தண்ணீருக்கே ஏறக்குறைய 80தான். 1984இல் ஹோல்டனும் மெர்ட்ஸும் அளந்து சொன்ன கணக்குப்படி, தடிமனையும் சேர்த்துப் பார்த்தால், பகலில் மட்டும் போடும் லென்ஸ் 24 என்ற அளவைத் தாண்டினால் போதும். தூங்கும்போதும் போட வேண்டுமானால் 87 வேண்டும். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமனில், முழுக்கத் தண்ணீராலேயே ஒரு லென்ஸ் செய்ய முடிந்தாலும் 80தான் வரும். தண்ணீரை நம்பிப் போகிற பாதை அதோடு முடிந்தது.

ஆனால் இந்தக் கணக்கு வருவதற்கு முன்பே வியாபாரம் முந்திக்கொண்டது. 1981இல் அமெரிக்காவில், 30 நாள் வரை கழற்றாமல் தூங்கி எழலாம் என்று சாஃப்ட் லென்ஸுக்கு அனுமதி கிடைத்தது. மக்கள் ஆசையாக வாங்கினார்கள். காலையில் கண்ணைத் திறந்ததும் எல்லாம் தெளிவாகத் தெரிகிற சந்தோஷம் கிட்டப்பார்வைக்காரர்களுக்குத்தான் புரியும். 1989இல் வெளிவந்த ஆய்வில், சாஃப்ட் லென்ஸைத் தினமும் கழற்றுகிறவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 4 பேருக்குக் கார்னியாவில் கிருமிப் புண் வந்ததாகவும், போட்டுக்கொண்டே தூங்குகிறவர்களில் அது சுமார் 21 பேர் என்றும் தெரிந்தது. 30 நாள் என்பது 7 நாளாகச் சுருங்கியது.

இதற்கு நடுவில் ஹார்ட் லென்ஸ்காரர்கள் சத்தமில்லாமல் தங்கள் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக்கில் சிலிக்கோனைக் கலந்தால் ஆக்சிஜன் நேராகவே ஊடுருவும்; தண்ணீர் தேவையில்லை. 1970களின் இறுதியிலிருந்து வந்த இந்த வகைக் கெட்டி லென்ஸ்கள்தான் இன்றும் கடைகளில் 'செமி சாஃப்ட்' என்ற பெயரில் கிடைப்பவை. பெயரில்தான் சாஃப்ட், தொட்டால் கெட்டிதான்.

அதே சிலிக்கோனைச் சாஃப்ட் லென்ஸுக்குள் கொண்டுவர இன்னும் இருபது வருடம் பிடித்தது. சிலிக்கோனுக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது. எண்ணெய்ப் பாத்திரத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்குமே, அப்படித்தான் சிலிக்கோன் மேல் கண்ணீர் நிற்கும். வெறும் சிலிக்கோனில் செய்த லென்ஸ்கள் கண்ணோடு ஒட்டிக்கொண்டு அசையவே மறுத்தன. கடைசியில், ஒரே பொருளுக்குள் சிலிக்கோன் ஒரு பாதையாகவும் தண்ணீர் ஒரு பாதையாகவும் பின்னிக்கொண்டு ஓடும்படி செய்தார்கள். ஆக்சிஜன் முதல் பாதையில், ஈரமும் உப்பும் இரண்டாவதில். மேற்பரப்பில் கண்ணீர் பரவுவதற்காகப் பிளாஸ்மா (ரத்தத்தில் இருப்பது அல்ல, மின்னேற்றிய வாயு) கொண்டு ஒரு பூச்சு. 1990களின் முடிவில் இந்தச் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் ஒன்றின் அளவு 87ஐ எல்லாம் தாண்டி 175இல் நின்றது. 2001இல் 30 நாள் அனுமதியும் திரும்ப வந்தது.

ஆக, கண்ணுக்கு மூச்சு கிடைத்துவிட்டது. புண் குறைந்ததா? குறையவில்லை. பிற்பாடு ஆஸ்திரேலியாவில் எண்ணிப் பார்த்தபோது, சிலிக்கோன் லென்ஸோடு தூங்குகிறவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு சுமார் 25 பேர். பழைய கணக்கேதான். கார்னியா வீங்குவது நின்றது, சிவப்பும் ரத்தக்குழாய் வளர்வதும் நின்றன. கிருமி மட்டும் நிற்கவில்லை. மூடிய இமைக்கு அடியில் கண்ணீர் ஓடாமல் தேங்குகிறது. லென்ஸில் ஒட்டிய பாக்டீரியாவுக்கு இரவு முழுக்க அவகாசம் கிடைக்கிறது. எல்லாக் குற்றத்தையும் ஆக்சிஜன் தலையில் கட்டியது தவறு என்று ஆராய்ச்சியாளர்களே ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. லென்ஸோடு தூங்காதீர்கள் என்று கண் மருத்துவர்கள் இன்றும் சொல்வதற்கு இதுதான் காரணம், பெட்டியில் எது அச்சடித்திருந்தாலும்.

தண்ணீர் இன்னொரு எதிரி. குழாய்த் தண்ணீரில் அகாந்தமீபா என்ற ஓரணு உயிரி இருக்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது. லென்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கார்னியாவையே தின்னும். மருந்து அடித்தால் கூடு கட்டிக்கொண்டு உள்ளே பதுங்கிவிடும்; மாதக்கணக்கில் சிகிச்சை. 1980களில் உப்பு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் சொல்யூஷன் தயாரித்தவர்களிடம் இது நிறையத் தெரியவந்தது. 2006இல் ஒரு பிரபல சொல்யூஷனைப் பயன்படுத்தியவர்களிடையே ஃபியூசேரியம் பூஞ்சைத் தொற்று பரவி, அதை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். லென்ஸ் டப்பாவைக் குழாயில் அலசி, ஈரத்தோடு மூடிவைப்பது நிறையப் பேரிடம் இருக்கும் பழக்கம். அந்த டப்பாவின் சுவரில் ஒரு வாரத்தில் வழவழவென்று ஒன்று படிந்திருக்கும், விரலால் தேய்த்துப் பாருங்கள். அதுதான் கிருமிகள் கட்டிக்கொண்ட வீடு. புதுச் சொல்யூஷனால் அலசி, திறந்து கவிழ்த்துக் காயவிட வேண்டும். பழைய சொல்யூஷனோடு புதுசைச் சேர்க்கக்கூடாது.

டப்பாவே இல்லாமல் செய்துவிட்டால்? 1980களின் இறுதியில் வார லென்ஸ்களும், 1990களின் நடுவில் ஒரே நாள் போட்டுத் தூக்கியெறியும் லென்ஸ்களும் வந்தன. இதில் கண்டுபிடிப்பு லென்ஸில் இல்லை, தொழிற்சாலையில்: ஒன்றொன்றாகக் கடைவதை விட்டுவிட்டு, லட்சக்கணக்கில் அச்சில் வார்த்து, ஈரம் காயாமலே பொட்டலம் கட்டும் முறை. அதே ஆஸ்திரேலியக் கணக்கில் இந்தத் தினசரி லென்ஸ் போட்டவர்களுக்குப் புண் 10,000க்கு 2தான். குப்பை சேர்கிறது என்ற குறை நியாயமானது; ஆனால் கண்ணுக்கு இதைவிடப் பாதுகாப்பானது சாஃப்ட் லென்ஸில் வேறு இல்லை.

பார்வையைச் சரிசெய்வதைத் தாண்டியும் லென்ஸுக்கு வேலை கொடுக்கிறார்கள். குழந்தைகளின் கிட்டப்பார்வை வேகமாக ஏறாமல் தடுக்கும் ஒரு தினசரி லென்ஸுக்கு அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது. மூன்று வருடச் சோதனையில் பவர் ஏறும் வேகம் பாதிக்குமேல் குறைந்திருந்தது. ஒவ்வாமை மருந்தை உள்ளேயே வைத்திருக்கும் லென்ஸும் வந்துவிட்டது. கண்ணீரில் சர்க்கரை அளவு பார்க்கும் லென்ஸ் என்று கூகுள் 2014இல் பெரிதாக அறிவித்தது. கண்ணீர் சர்க்கரைக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் சரியாக ஒத்துப்போகவில்லை என்று 2018இல் நிறுத்திவிட்டார்கள். கண்ணுக்குள் திரை காட்டும் லென்ஸ் முயற்சி ஒன்றும் 2023இல் நின்றது. சில்லும் பேட்டரியும் வைக்கிற ஒவ்வொரு இடமும் ஆக்சிஜன் போக முடியாத இடம் என்பது அங்கேயும் வந்து நிற்கும்.

எனக்கு இதையெல்லாம்விட சுவாரசியமானது, ஃபிக்கின் கிண்ணம் திரும்பி வந்தது. கூம்புக் கருவிழி என்று ஒரு நிலை உண்டு. கார்னியா மெலிந்து முன்னால் துருத்திக்கொள்ளும். மூக்குக்கண்ணாடி உதவாது. சாஃப்ட் லென்ஸ் அந்த மேடுபள்ளத்தின் மேலேயே படிந்து அதே வடிவத்தை எடுத்துக்கொள்ளும். கண் அறவே காய்ந்துபோன நோயாளிகளுக்கும் சாதாரண லென்ஸ் ஆகாது. இவர்களுக்கு இப்போது தருவது ஸ்கிளீரல் லென்ஸ்: வெள்ளைவிழியில் உட்காரும், 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள கெட்டிக் கிண்ணம், நடுவில் உப்புநீர். ஹெர்ஷல் கேட்ட கூழ், ஃபிக் ஊற்றிய சர்க்கரைக் கரைசல், இரண்டும் செய்ய வேண்டியிருந்த வேலையை அந்த உப்புநீர் செய்கிறது. பள்ளங்களை நிரப்பி வழவழப்பான புது முகம் ஒன்றைக் கொடுக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. இந்தக் கிண்ணத்தின் சுவர் வழியாக ஆக்சிஜன் போகும்.

அதைப் போடுவதைப் பார்க்க வேண்டும். மூன்று விரல் நுனியிலோ சின்ன ரப்பர் உறிஞ்சியிலோ கிண்ணத்தை நிறுத்தி, விளிம்பு வரை உப்புநீர் ஊற்றுகிறார்கள். ஒரு குமிழி இருந்தாலும் பார்வை கெடும், சாய்த்தால் கொட்டிவிடும். அதனால் லென்ஸைக் கண்ணுக்குத் தூக்குவதில்லை. கண்தான் இறங்கி வருகிறது. மேசைமேல் கவிழ்ந்து, முகத்தைத் தரைக்கு நேராக வைத்து, இரண்டு இமைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் நிரம்பிய அந்தக் குட்டிக் கிண்ணத்துக்குள் கண்ணை மெதுவாக அமிழ்த்துகிறார்கள்.